சாய்வு சக்கர நாற்காலி: தேர்ந்தெடுப்பது முதல் அன்றாடம் பயன்படுத்துவது வரை

சாய்வு சக்கர நாற்காலி வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, அது எவ்வளவு தூரம் சாயும் என்பதைத்தான். கடைக்காரரும் முதுகுப் பலகையை முழுவதுமாக இறக்கிக் காட்டி, கட்டில் போலவே ஆகிவிடும் என்று சொல்வார். வாங்குவதற்கு முன் உண்மையில் அறிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. உட்கார்ந்திருப்பவரைச் சாய்த்து மறுபடி நிமிர்த்தினால், அவருடைய இடுப்பு முன்பிருந்த இடத்திலேயே இருக்கிறதா, முன்பக்கம் நழுவி வந்துவிடுகிறதா? ஒரு நாளில் பல முறை சாய்த்து நிமிர்த்தப்படுகிறவருக்கு இந்த நழுவலே படுக்கைப் புண்ணுக்கும், கூன் விழுந்த இருப்புக்கும், நாற்காலியிலிருந்து சரிந்து விழுவதற்கும் தொடக்கமாகிறது. இனி வரும் அளவுகளும் உறுப்புகளும் பழக்கங்களும் பெரும்பாலும் அந்த நழுவலைத் தடுப்பதற்கானவை.

சாயும்போது உடலுக்கு நேர்வது

முதுகுப் பலகை ஒரு கீலில் சுழல்கிறது. உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு மூட்டோ அந்தக் கீலுக்குச் சற்று மேலேயும் முன்னேயும் அமைகிறது. இரண்டும் ஒரே புள்ளியில் சுழலாததால், பலகை சாயச் சாய முதுகும் பலகையும் ஒன்றோடொன்று உரசி இடம் மாறுகின்றன. நிமிர்த்தும்போது பலகை முதுகை மேலும் முன்னுமாகத் தள்ள, இடுப்பு இருக்கையின் விளிம்பை நோக்கி வழுக்குகிறது. தோல் ரெக்சினோடு ஒட்டி நிற்க, உள்ளேயுள்ள எலும்பு நகர்கிறது. இடைப்பட்ட சதையும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் இழுபட்டு நெரிகின்றன. புண் வருவதற்கு நேரான அழுத்தம் மட்டுமே காரணம் என்று எண்ணி மெத்தையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும் வீடுகளில், பல நேரங்களில் உண்மையான காரணம் இந்த இழுபடலாக இருக்கும். இடுப்பு ஒருமுறை முன்னே வந்துவிட்டால், உட்காரும் எலும்புகள் தாங்க வேண்டிய எடையை வால் எலும்பும் அதற்கு மேலுள்ள முக்கோண எலும்பும் தாங்க நேரிடுகிறது. அந்த இடத்தில் சதை மிகவும் குறைவு.

இதனால்தான் சாய்வு நாற்காலியோடு இன்னொரு வகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டில்ட் வகை என்று சொல்லப்படும் அந்த நாற்காலியில் இருக்கையும் முதுகுப் பலகையும் தமக்குள்ள கோணம் மாறாமல் சேர்ந்தே பின்னுக்குச் சாய்கின்றன. இடுப்பு விரிவதில்லை, நழுவலும் மிகவும் குறைவு. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குத் தரப்படும் சிறப்பு நாற்காலிகளில் இந்த அமைப்பைப் பலரும் பார்த்திருக்கலாம். தசை இறுக்கம் மிகுந்தவர்களுக்கு முதுகைச் சாய்ப்பதே உடல் முழுவதும் விறைத்து நீளக் காரணமாகிவிடும். அவர்களுக்கு டில்ட் வகையே பொருந்தும். இடுப்பு மூட்டை 90 பாகை வரை மடக்க முடியாதவர், நாற்காலியிலேயே ஆடை மாற்றவோ சிறுநீர்க் குழாய் செலுத்தவோ வேண்டியவர், நெடுநேரம் மடங்கியே இருந்து இடுப்பு இறுகிப் போவதைத் தவிர்க்க வேண்டியவர் ஆகியோருக்குச் சாய்வு வகை பயன்படும். இரண்டும் சேர்ந்த நாற்காலிகளும் உண்டு. விலை கூடுதல் என்றாலும், கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நாளின் பெரும்பகுதியை நாற்காலியில் கழிப்பவருக்கு அந்தச் செலவு நியாயமானது என்பதே என் கருத்து.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயம்பட்டவர்கள், பக்கவாதத்துக்குப் பின் உடலை நிமிர்த்தி உட்கார இயலாதவர்கள், தசைச் சிதைவு நோயோ நரம்புச் சிதைவு நோயோ முற்றியவர்கள், நிமிர்ந்து உட்கார்ந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுபவர்கள், தலையைத் தாங்கிப் பிடிக்கும் வலு கழுத்தில் இல்லாதவர்கள் ஆகியோருக்கே இந்த நாற்காலி முதன்மையாகப் பயன்படுகிறது.

மாறாக, கைகளால் சக்கரத்தைத் தள்ளிக்கொள்ளக்கூடிய ஒருவருக்கு, வசதியாக இருக்கட்டுமே என்று சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுப்பது அவர் கையிலிருக்கும் சுதந்திரத்தைப் பறிப்பதாகும். சாய்த்தால் பின்னோக்கிக் கவிழாமல் இருப்பதற்காக இதன் பின்சக்கரங்கள் வழக்கத்தைவிடப் பின்தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே கை எட்டுவது கடினம், திரும்ப இடம் அதிகம் வேண்டும், எடையும் கூடுதல். மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும் என்பது மட்டுமே தேவையானால், கட்டிலுக்கு மாற்றிப் படுக்க வைப்பதே நல்லது.

இந்த முடிவைக் கடையில் எடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட கையுந்து சக்கர நாற்காலிகளுக்கான வழிகாட்டு நெறிகள், நாற்காலி வழங்கும் பணியை எட்டுப் படிகளாகப் பிரித்து, உடல் மதிப்பீட்டைத் தொடக்கத்திலும் பயிற்சியையும் தொடர் பராமரிப்பையும் இறுதியிலும் வைக்கின்றன. நம் ஊரில் நடுவிலுள்ள ஒரு படி, அதாவது வாங்குவது, மட்டுமே நடக்கிறது. மறுவாழ்வு மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனை எதிலும் இந்த மதிப்பீட்டைக் கேட்டுப் பெறலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இயங்குகிறது. அதை உருவாக்கிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த சாலை விபத்துக்குப் பின் தாமே சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு அறுவை சிகிச்சை செய்தவர். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் ஆகியவையும் அணுகத்தக்க இடங்கள்.

அளவெடுத்தல்

அளவெடுக்கும் முன் இரண்டு சோதனைகளைப் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் செய்துகொள்ள வேண்டும். கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு காலின் முழங்காலை மடக்கித் தொடையை மெதுவாக வயிற்றை நோக்கிக் கொண்டு வாருங்கள். இன்னொரு கையை இடுப்பெலும்பின் மீது வைத்திருங்கள். இடுப்பெலும்பு உருளத் தொடங்கும் கோணமே அந்த மூட்டின் எல்லை. அது 90 பாகைக்குக் குறைவாக இருந்தால், அவரை நேராக நிமிர்த்தி உட்கார வைக்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பு நழுவியே தீரும். அவருடைய நாற்காலியின் இயல்பு நிலையே சற்றுச் சாய்ந்ததாக இருக்க வேண்டும். அடுத்து, தொடையைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்த நிலையில் முழங்காலை மெல்ல நீட்டுங்கள். தொடையின் பின்பக்கத் தசைகள் இறுகி, இடுப்பெலும்பு மறுபடி நகரத் தொடங்கும் இடம் எதுவோ, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கையில் கால்தாங்கியை உயர்த்தக்கூடிய எல்லை அதுதான். பலருக்கும் இந்த எல்லை எதிர்பார்ப்பதைவிட மிகவும் தாழ்வாக இருக்கும். காலை நீட்டி வைத்தால் சுகமாக இருக்கும் என்று கால்தாங்கியை உயர்த்திவிட்டு, ஆள் ஏன் சரிந்துகொண்டே போகிறார் என்று குழம்புபவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாதவர்களே.

பிறகு, கெட்டியான பலகை மீது உட்கார வைத்து, இருபுறமும் பிடித்துக்கொண்டு அளவுகளை எடுக்க வேண்டும். இடுப்பின் மிக அகலமான இடத்தை, துணிக்கு மேலே வளைத்து எடுக்காமல், இருபுறமும் இரண்டு கெட்டி அட்டைகளை நிறுத்தி அவற்றுக்கு இடைப்பட்ட நேர்த் தூரமாக எடுக்க வேண்டும். அதோடு ஒன்று முதல் இரண்டு அங்குலம் கூட்டினால் இருக்கையின் அகலம் கிடைக்கும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 18 அங்குல இருக்கை. உடல் மெலிந்த, 13 அங்குல இடுப்புள்ள பாட்டியை அதில் உட்கார வைத்தால், அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு புட்டத்தின் மீதே எடை முழுவதையும் போட்டு உட்காருவார். பின்னாளில் சதை போடலாம் என்று பெரிய அளவு வாங்குவது உடைக்குச் சரி, நாற்காலிக்குச் சரியில்லை.

இருக்கையின் ஆழமே நழுவலோடு மிக நெருங்கிய தொடர்புடைய அளவு. புட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு அங்குலம் கழிக்க வேண்டும். உட்கார வைத்த பின், இருக்கை விளிம்புக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். ஆழம் அதிகமானால் விளிம்பு முழங்கால் மடிப்பில் முட்டும். முட்டாமல் இருக்க உடல் தானாகவே இடுப்பை முன்னுக்கு இழுத்துக்கொள்ளும். ஆழம் குறைவானால் தொடையின் நீளம் தாங்கப்படாமல், புட்டத்தின் மேல் எடை கூடும். இடது, வலது கால்களைத் தனித்தனியே அளப்பது நல்லது. இடுப்பு எலும்பு முறிவுக்குப் பின் ஒரு கால் குட்டையாகியிருக்கலாம்.

முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரையிலான நீளத்திலிருந்து மெத்தையின் தடிமனைக் கழித்தால் கால்தாங்கியின் நீளம் கிடைக்கும். பாதப்பலகை தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். முழங்கையை மடக்கிய நிலையில் மெத்தையின் மேற்பரப்பிலிருந்து முழங்கை வரையிலான உயரத்தோடு ஒரு அங்குலம் கூட்டினால் கைப்பிடியின் உயரம். முதுகுப் பலகை தோளைத் தாண்டி நிற்க வேண்டும்; சாயும் நாற்காலிக்குத் தலைதாங்கி இன்றியமையாதது. அதை உயர்த்தித் தாழ்த்தவும் முன்பின் நகர்த்தவும் முடியவேண்டும், ஏனெனில் நிமிர்ந்திருக்கும்போது தலைக்குப் பொருந்தும் இடமும் சாய்ந்திருக்கும்போது பொருந்தும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை.

வீட்டை அளத்தல்

நாற்காலியின் மொத்த அகலம் இருக்கையைவிட ஏறத்தாழ எட்டு அங்குலம் கூடுதலாக இருக்கும். அதாவது 18 அங்குல இருக்கை, 26 அங்குல வழியைக் கேட்கும். வாசற்கால் இரண்டரை அடி என்றாலும், திறந்து நிற்கும் கதவின் தடிமன் போகக் கிடைக்கும் இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். இரண்டடிக் குளியலறைக் கதவுள்ள வீட்டில் பெரும்பாலான சாய்வு நாற்காலிகள் உள்ளே போகா; அதற்குச் சிறு சக்கரங்கள் உள்ள தனிக் குளியல் நாற்காலியைத் திட்டமிடுவதே வழி. முழுவதும் சாய்த்துக் காலையும் நீட்டினால், நாற்காலி ஓர் ஆளின் உயரத்தைவிட நீளமாகும். கூடத்தில் அதற்கான இடத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிலின் உயரத்தையும் அளந்து வையுங்கள். மெத்தையோடு சேர்ந்த இருக்கையின் உயரமும் கட்டிலின் உயரமும் ஒத்திருந்தால், இடம் மாற்றும் வேலை பாதியாகக் குறையும். தாழ்ந்த கட்டிலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்திவிடலாம்.

வாசற்படிக்குச் சாய்தளம் அமைப்பதாக இருந்தால், ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பதே ஏற்கப்பட்ட கணக்கு. ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறு அடி போதும். மூன்று படிகள் உள்ள வீட்டுக்குப் பதினெட்டு அடி வேண்டும், அதை ஒரே நீட்டாக அமைக்க முடியாவிட்டால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்ப வேண்டும். கொத்தனார்கள் இடத்துக்கேற்பச் செங்குத்தாகப் போட்டுவிடுவது வழக்கம். சாய்வு நாற்காலியின் எடையோடு அந்தச் சரிவில் ஒருவராக இறங்குவது ஆபத்து.

கடையில் பார்க்க வேண்டியவை

பயன்படுத்தப்போகிறவரையே அழைத்துச் செல்ல முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால், அவரை ஒத்த உடல்வாகுள்ள ஒருவரை உட்கார வைத்து எல்லாச் சோதனைகளையும் செய்ய வேண்டும். காலியான நாற்காலி எந்தக் குறையையும் காட்டாது.

சாய்க்கும் அமைப்பு இரு வகைப்படும். தள்ளும் கைப்பிடியிலுள்ள விசையை அழுத்தினால் வாயு உருளைகளின் உதவியோடு எந்தக் கோணத்திலும் நிற்பது ஒன்று. குறிப்பிட்ட சில நிலைகளில் மட்டும் பல்லில் மாட்டி நிற்பது மற்றொன்று. முதல் வகையே நல்லது. உட்கார்ந்திருப்பவரின் எடையோடு சாய்த்து, விசையை விட்டவுடன் அப்படியே நிற்கிறதா, இருபுறமும் சமமாக இறங்குகிறதா, பாதியில் திடீரென்று விழுகிறதா என்று பாருங்கள். பராமரிக்கப்போகிறவர் அறுபது வயதுப் பெண்மணி என்றால், விசையை அழுத்தி நிமிர்த்திப் பார்க்க வேண்டியவரும் அவரே. உடன் வந்த வாலிபரால் முடிகிறது என்பது எதையும் நிரூபிக்காது. முழுவதும் சாய்த்த நிலையில், தள்ளும் கைப்பிடியைச் சற்றே கீழ்நோக்கி அழுத்தினால் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பக் கூடாது. பின்னோக்கிக் கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரங்கள் இரண்டும் இருக்க வேண்டும். அவை இல்லாத சாய்வு நாற்காலியை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

கால்தாங்கி உயரும்போது அதன் நீளமும் சேர்ந்து கூடுகிறதா என்று கவனியுங்கள். மலிவான நாற்காலிகளில் கால்தாங்கியின் கீல் முழங்காலுக்குக் கீழே இருப்பதால், உயர்த்தும்போது பாதப்பலகை காலுக்குக் குட்டையாகிவிடும். பாதம் தள்ளப்பட்டு முழங்கால் மேலே எழும்பும். இரண்டு கால்தாங்கிகளும் தனித்தனியே உயர வேண்டும், பக்கவாட்டில் விலகிக் கழலவும் வேண்டும். பக்கக் கைப்பிடிகள் கழலாத நாற்காலியில் கட்டிலுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆளைத் தூக்கியே ஆக வேண்டும்.

இருக்கையில் துளையும் அடியில் பாத்திரமும் உள்ள கழிப்பறை வசதி கொண்ட சாய்வு நாற்காலிகள் இங்கே நிறைய விற்கின்றன. ஒன்றில் இரண்டு வேலை என்பது குடும்பங்களைக் கவர்வது இயல்பே. ஆனால் துளையின் விளிம்பு புட்டத்தைச் சுற்றி வளையமாக அழுத்துகிறது, நடுவில் தாங்கல் இல்லை, முறையான மெத்தையும் அதில் நிற்காது. அரை மணி நேரக் குளியலுக்கும் மலம் கழிக்கவும் அது உதவும். நாள் முழுவதும் உட்கார வைக்க அது ஏற்றதல்ல. உணர்ச்சியற்ற தோல் உள்ளவருக்கு நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சாதாரணத் துணி இருக்கை நாளடைவில் தூளிபோல் தொய்ந்து, இரு தொடைகளையும் உள்ளே தள்ளும். அடியில் ஒட்டுப்பலகை ஒன்றை வெட்டிப் போட்டு அதன் மேல் மெத்தை வைத்தால் இது தீரும். உணர்ச்சியுள்ளவருக்குக் கெட்டியான, உடலுக்கேற்பக் குழிந்த நுரை மெத்தை போதும். உணர்ச்சி இல்லாதவருக்கும், முன்பே புண் வந்தவருக்கும் காற்றறைகள் உள்ள மெத்தையோ ஜெல் மெத்தையோ வேண்டும். நடுவில் ஓட்டையிட்ட வளைய மெத்தையைத் தவிர்க்க வேண்டும். அது சுற்றிலும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. நம் வெயிலுக்கு ரெக்சின் உறை வியர்வையைத் தேக்கித் தோலை ஊற வைக்கும். நான்கு பக்கமும் நீளும் தன்மையுள்ள, காற்றுப் புகும் துணியுறை நல்லது.

சக்கரங்களைப் பொறுத்தவரை, வீட்டுக்குள் மட்டும் என்றால் காற்றில்லாத கெட்டி டயர் தொந்தரவற்றது. தெருவிலும் செல்ல வேண்டும் என்றால் காற்று டயர் குலுக்கலைக் குறைக்கும்.

அரசு உதவியை நாடுபவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையுடன் (UDID) மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். உதவி உபகரணங்களுக்கான மத்திய அரசின் அடிப் திட்டமும், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள மூத்த குடிமக்களுக்காக 2017-இல் தொடங்கப்பட்ட வயோஸ்ரீ திட்டமும், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, செயற்கை உறுப்புகளும் உதவி உபகரணங்களும் தயாரிக்கும் அரசு நிறுவனமான அலிம்கோவின் வழியே முகாம்கள் நடத்துகின்றன. முகாம்களில் பெரும்பாலும் வழங்கப்படுவது மடக்கும் சாதாரண நாற்காலியே; சாய்வு வகை தேவை என்பதை மருத்துவரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரையோடு மதிப்பீட்டு நாளிலேயே தெரிவிக்க வேண்டும்.

உட்கார வைப்பதும் சாய்ப்பதும்

கட்டிலிலிருந்து மாற்றும் முன் பிரேக்குகளைப் போட்டு, கட்டிலின் பக்கமுள்ள கைப்பிடியைக் கழற்றி, கால்தாங்கிகளை விலக்கிவிட வேண்டும். தூக்கி மாற்றுவதானால் இருவர் வேண்டும். நாற்காலியை முழுவதும் சாய்த்துக் கட்டிலுக்கு இணையாக நிறுத்தி, அடியில் விரித்த துணியோடு நகர்த்தும் முறையும் உண்டு. அப்போது துணியைத் தரதரவென்று இழுக்காமல், இருபுறமும் சற்றுத் தூக்கியே நகர்த்த வேண்டும். உட்கார்ந்த பின், ஒருவர் முன்னால் நின்று உடலை முன்னுக்குச் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் பின்னாலிருந்து இடுப்பை இருக்கையின் உள்மூலை வரை கொண்டு வர வேண்டும். இடுப்புப் பட்டையை வயிற்றின் குறுக்கே கட்டக் கூடாது. தொடையும் இடுப்பும் மடியும் கோட்டில், இருக்கையை நோக்கிக் கீழ்ச்சாய்வாக இழுத்துக் கட்ட வேண்டும். வயிற்றில் கட்டிய பட்டை நழுவலைத் தடுக்காது. ஆள் சரியும்போது மேலேறி மார்பையும் கழுத்தையும் நெரிக்கும்.

சாய்ப்பதற்கென்று ஒரு வரிசை உண்டு. டில்ட் வசதியும் இருந்தால் முதலில் இருக்கையோடு சேர்த்துப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். அப்போது ஈர்ப்பு விசையே இடுப்பை மூலையில் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு முதுகுப் பலகையைச் சாய்க்க வேண்டும். இடுப்பு விரிந்து தொடைத் தசைகள் தளர்ந்த பின்னரே கால்தாங்கியை உயர்த்த வேண்டும். நிமிர்த்தும்போது இதே வரிசை தலைகீழாக நடக்க வேண்டும்: முதலில் கால் இறங்கட்டும், அடுத்து முதுகு நிமிரட்டும், டில்ட் கடைசியில் மீளட்டும். டில்ட் இல்லாத நாற்காலியிலும் காலுக்கும் முதுகுக்கும் உரிய இந்த முறை மாறாது. நிமிர்த்தி முடித்ததும், அவரை ஒருமுறை முன்னுக்குச் சாய்த்து, முதுகைப் பலகையிலிருந்து விலக்கி, மறுபடி உட்கார வையுங்கள். சில விநாடிகளே பிடிக்கும் இந்தச் செயல், ஆடையிலும் தோலிலும் சிக்கிக்கொண்ட இழுவிசையை விடுவிக்கிறது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கைக்கொள்ள முடியும் என்றால், இதையே கைக்கொள்ளச் சொல்வேன்.

தாமாக எடையை மாற்றி உட்கார முடியாதவருக்கு, 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்தது இரண்டு நிமிடமாவது சாய்ந்த நிலை நீடிக்க வேண்டும். இலேசாகச் சாய்ப்பது கண்ணுக்கு வித்தியாசமாகத் தோன்றுமே ஒழிய, புட்டத்தின் மேலுள்ள எடையைப் பெரிதாகக் குறைக்காது. முதுகும் இருக்கையும் சேரும் கோணம் 120 பாகையைத் தாண்ட வேண்டும். கைப்பேசியில் மணி வைத்துக்கொள்வது நல்லது. தொடக்க நாள்களில் அரை மணி, ஒரு மணி என்று உட்காரும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கட்டிலுக்கு மாற்றியதும் புட்டம், வால் எலும்பு, குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களைப் பாருங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றுப்புறத்தைவிட நிறம் அடர்ந்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், அதுவே முதல் அறிகுறி. அரை மணி நேரத்தில் அது மறையாவிட்டால், மறையும் வரை அந்த இடத்தில் எடை விழும்படி உட்கார வைக்கக் கூடாது.

உணவின்போது நாற்காலி, அவரால் தாங்க முடிந்த அளவுக்கு நிமிர்ந்திருக்க வேண்டும், தாடை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். சாய்ந்த நிலையில் கஞ்சி ஊட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்புண்டு. பக்கவாதம் வந்தவர்களுக்கு நுரையீரல் தொற்று ஏற்பட இது ஒரு முக்கியக் காரணம். சாப்பிட்டு முடித்த பிறகும் அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு செலுத்தப்படுபவருக்கும் இது பொருந்தும்.

எதிரெதிரான இரண்டு ஆபத்துகள்

தண்டுவடம் பாதிக்கப்பட்டவரைப் பராமரிப்பவர்கள் இரண்டு நிலைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றொன்றுக்குச் செய்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

படுக்கையிலிருந்து நிமிர்த்தியவுடன் முகம் வெளிறி, கண் இருட்டி, தலைசுற்றினால், அது இரத்த அழுத்தம் இறங்குவதன் விளைவு. உடனே நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்த வேண்டும். தெளிந்த பின் பத்துப் பதினைந்து பாகையாக, இடையிடையே நிறுத்தி நிமிர்த்த வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்தால் வயிற்றுப் பட்டையும் காலுக்கு அழுத்தக் காலுறையும் அணிவிக்கலாம்.

மற்றொன்று, மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வருவது. திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்தல், மயிர்க்கூச்செறிதல் ஆகியவை தோன்றும். இரத்த அழுத்தம் வேகமாக ஏறும். இப்படிப்பட்டவரின் இயல்பான மேல் அழுத்தமே 90, 100 என்ற அளவில் இருக்கக்கூடும் என்பதால், கருவி 140 காட்டினாலும் அது அவருக்கு மிக அதிகம். இங்கே சாய்க்கவே கூடாது. உடனே நேராக நிமிர்த்தி, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான ஆடை, பட்டை, காலுறை எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். பிறகு காரணத்தைத் தேட வேண்டும். சிறுநீர்க் குழாய் மடங்கியிருப்பதும் சிறுநீர் சேரும் பை நிரம்பியிருப்பதுமே மிகப் பொதுவான காரணங்கள்; மலச்சிக்கல், அடியில் சுருண்ட துணி, சட்டைப்பையிலிருந்து நழுவி விழுந்த சாவி ஆகியவையும் தூண்டலாம். காரணம் தெரியாவிட்டாலோ, நீக்கிய பின்னும் அழுத்தம் இறங்காவிட்டாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆகவே, ஒவ்வொரு முறை சாய்ப்பதற்கும் நிமிர்த்துவதற்கும் முன், சிறுநீர்க் குழாய் கைப்பிடியிலோ கீலிலோ சிக்கவில்லை என்பதையும், பை சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்குகிறது என்பதையும் பார்ப்பது வழக்கமாக வேண்டும். முழுவதும் சாய்த்துக் காலை உயர்த்தும்போது, காலில் கட்டிய பை மேலேறிச் சிறுநீர் திரும்பிப் பாய்வதுண்டு.

வெளியே செல்லுதல்

நாற்காலி நகரும்போது முதுகுப் பலகை நிமிர்ந்தே இருக்க வேண்டும்; தலைசுற்றல் காரணமாகச் சாய்த்தே தள்ள வேண்டியிருந்தால், சமதளத்தில் மட்டும் மெதுவாகத் தள்ள வேண்டும். சாய்தளத்தில் இறங்கும்போது, தள்ளுபவர் கீழ்ப்பக்கமாக நின்று பின்னோக்கி இறக்குவது பாதுகாப்பானது. படி ஏற்றும்போது கவிழ்தடுப்புச் சக்கரங்கள் படியில் மோதும் என்பதால் அவற்றை மேலே திருப்பிவிட்டு, ஏறியவுடன் மறக்காமல் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். காரில் செல்லும்போது அவரைக் கார் இருக்கைக்கு மாற்றுவதே முறை. தலைதாங்கி, கால்தாங்கிகள், முதுகுப் பலகையின் குறுக்குக் கம்பி ஆகியவற்றைக் கழற்றினால்தான் இந்த நாற்காலி மடங்கும். வேனில் நாற்காலியோடு ஏற்றிச் செல்வதானால், நாற்காலியை நான்கு மூலைகளிலும் தரையோடு கட்டி, முதுகை நிமிர்த்தி, உட்கார்ந்திருப்பவருக்கு வண்டியோடு பிணைந்த தனிப் பட்டையும் போட வேண்டும்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை பிரேக்குகள் சக்கரத்தை இறுகப் பிடிக்கின்றனவா, டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுக் குறைந்தால் பிரேக்கும் பிடிக்காது. முன்சக்கரத்தின் அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும், அதை எடுத்துவிடுங்கள். சாய்க்கும் விசையின் கம்பி தளர்ந்தால், ஒரு பக்கம் பிடித்து மறு பக்கம் இறங்கி, பலகை கோணலாகும். வாயு உருளை மெல்லத் தானாக இறங்கினால் அதை மாற்றியாக வேண்டும், பழுது பார்க்க முடியாது. வாங்கும்போதே இந்த இரண்டு உதிரிகளும் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு மூட்டுகளும் திருகுகளும் துருவேறும். குளித்த ஈரத்தோடு நாற்காலியை விடாமல் துடைத்து, மாதம் ஒருமுறை கீல்களுக்கு எண்ணெய் இட வேண்டும். காற்று மெத்தையின் அளவை நாள்தோறும் பார்க்க வேண்டும். மெத்தைக்கு அடியில் கையை நுழைத்து, உட்காரும் எலும்புக்கும் அடித்தளத்துக்கும் இடையே அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை காற்று இருப்பதை உணர்ந்தால் சரி. விரல் நசுங்கினால் காற்று போதாது, எலும்பே கைக்கு எட்டாவிட்டால் காற்று அதிகம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், உடல் எடை கூடினாலோ குறைந்தாலோ அதற்கு முன்பேயும், இடுப்பு அகலம், இருக்கை ஆழம், தொடைத் தசையின் இறுக்கம் ஆகிய மூன்றையும் மறுபடி அளந்து, கால்தாங்கியையும் தலைதாங்கியையும் அவற்றுக்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.